எண்பத்தேழாவது தலை

அக்டோபர் முதல் புதன்.
ஏரியிலிருந்து ஏறிவந்த குளிர்
அலுவலக ஜன்னலின் கீழ்ப்பாதியை மட்டும்
வெளுத்து வைத்திருக்கிறது.
இன்று எங்களை எண்ணுகிறார்கள்.
இன்று பள்ளியில் இருக்கும் தலைதான் தலை,
தலைக்கு இத்தனை டாலர்.
கோழிப்பண்ணைக்காரர்கூட
இதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்.

நான் ஐரிஸ் ஹாபலா.
இந்த மேசைக்கு வந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
காகித ஆலை சங்கு ஊதுவதை நிறுத்திய வருடம்
நூற்று அறுபது.
அப்புறம் மாடியில் ஹீட்டரை அணைத்தோம்,
அப்புறம் மாடியையே.

மார்லோ ஃபால்ஸ் பள்ளியில் நீச்சல்குளம் இருக்கிறது.
அவர்களுடைய பஸ் காலை ஆறு ஐம்பதுக்கு
எங்கள் ஊர் பெட்ரோல் பங்க் வாசலிலேயே வந்து நிற்கிறது.
பதினான்கு பேர் ஏறுகிறார்கள்.
என் தங்கை மகனும்தான்.
என் காரைக் கண்டால்
ஷூ லேஸைக் கட்டக் குனிந்துகொள்வான்.
கட்டிய லேஸைத்தான்.

எண்பத்தேழு வேண்டும்.
ஒன்று குறைந்தால்
இசை வகுப்பா, இரண்டாவது பஸ்ஸா என்று
நவம்பரில் கை தூக்கவேண்டி வரும்.

ஒன்பதரைக்கு எண்பத்தாறு.

வராதவன் டோபின் லஜோய்.
ஏப்ரல் தேர்வில் எல்லாக் கேள்விக்கும்
மூன்றாவது வட்டத்தையே கருப்பாக்கி,
ஓரத்தில் பனி தள்ளும் வண்டி ஒன்றை
விளக்குகள், சங்கிலிகள் உட்பட
வரைந்து வைத்தவன்.

மூன்றாம் வகுப்பில் அப்போது எட்டுப் பேர்.
மூவர் தேறினார்கள்.
முப்பத்தெட்டு சதவிகிதம், சிவப்புக் கட்டம்.
எட்டுப் பேர் வகுப்பில்
ஒரு பிள்ளையின் பல்வலி
பன்னிரண்டரை சதவிகிதம் என்பதை
எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

மே மாதக் கூட்டத்தில் வாரிய உறுப்பினர் பெல்கோனென்
கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டினார்.
"அந்த ஒருவன் மட்டும் இல்லாதிருந்தால் நாற்பத்துமூன்று.
மஞ்சளுக்கு வந்திருப்போம்."
பெயர் சொல்லவில்லை.
கடைசி வரிசையில், மளிகைக் கடைச் சீருடையோடு
அவன் அம்மா இருந்தாள்.
கூட்டம் முடியும்வரை இருந்தாள்.
அதன்பிறகு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை.

இன்று அதே பெல்கோனென்
"யாரும் பதறாதீர்கள்" என்று பதறி,
தன் லாரியை எடுத்துக்கொண்டு
அவனைத் தேடிப் போனார்.
வீட்டில் இல்லை. பாலத்தடியில் இல்லை.
ஊராட்சிப் பணிமனையில்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தானாம்,
பனி வண்டிக்கு இரும்பு அலகு மாட்டுவதைப் பார்த்தபடி.
இந்த வருடத்தில் அது ஒரு நாள்தான் நடக்கும்.
எங்கள் புதனைப் போல.

பதினொன்று பத்துக்கு உள்ளே வந்தார்கள்.
பையன் கையில் கிரீஸ்.
பெல்கோனென் தொப்பியைக் கழற்றிக்
கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் எத்தனையாவது?" என்றான்.
"எண்பத்தேழு."
"அப்போ நான் இல்லாட்டி எண்பத்தாறு."
"ஆமாம்."
கொஞ்சம் நின்றான்.
"ஏப்ரல்ல நான் இல்லாட்டி நாற்பத்துமூணு."

கணக்கில் பிழை இல்லை.
பெல்கோனென் சுவரில் ஒட்டியிருந்த
மதிய உணவுப் பட்டியலை
மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.
எனக்குத் திருத்த ஒன்றும் இல்லாத
ஒரு விடைத்தாள் முன்னால்
பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

தாமதச் சீட்டில் காரணம் என்ற இடம் ஒன்று உண்டு.
காய்ச்சல், பல் மருத்துவர், குடும்ப நிகழ்ச்சி
என்று கட்டங்கள்.
'இதர' என்பதற்கு எதிரே
பனி வண்டி என்று எழுதிக் கொடுத்தேன்.
வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்து,
"அலகு பதினோரு அடி, அதையும் எழுதுங்க" என்றான்.
எழுதினேன்.

தாழ்வாரத்தில் போகும்போது
லாக்கர்களை ஒவ்வொன்றாக
விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனான்.
புத்தகமும் கோட்டும் இருந்தவை
தொப்பென்றன.
மற்றவை கணீரென்று.
கணீர், கணீர், கணீர், தொப்,
கணீர்.